உழைப்பு எங்களுடையது, தீர்மானம் மட்டும் கொழும்பினுடையதா?

வாசகர் கடிதத்துக்குச் சட்டத்தரணியின் பதில்

நுவரெலியா மாவட்டத்தின் தோட்டப் பகுதியொன்றிலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெயரும் பாடசாலையும் அமைப்பும் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன. 16 ஆண்டுகளாக அவர் ஒரு தேசிய இளைஞர் அமைப்பின் கிளையைத் தன் பாடசாலையில் நடத்தி வருகிறார். சனிக்கிழமைப் பயிற்சி, சீருடைக்குத் துணி சேர்ப்பது, மைதானத்துக்காகத் தோட்ட முகாமையாளரிடம் அனுமதி கேட்பது, ஆண்டு முகாம் என அனைத்தையும் அவரும் அயல் தோட்டங்களின் கிளைத் தலைவர்களும் சம்பளம் இல்லாமலேயே செய்கிறார்கள். கடந்த ஆண்டு தேசிய சபை அமைப்பின் யாப்பை, அதாவது அதன் விதித் தொகுப்பை, மாற்றியிருக்கிறது. அதுவரை கிளைத் தலைவர்கள் வாக்களித்துத் தெரிவு செய்த மாவட்டத் தலைவரை இனித் தலைமையகமே நியமிக்கும். கூட்ட அறிவித்தல் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும், ஆறு நாட்களுக்கு முன்பு, மின்னஞ்சலில் வந்திருக்கிறது. இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போன இருவரிடம், நீங்கள் பார்வையாளர்கள், வாக்களிக்க முடியாது என்று சொல்லப்பட்டிருக்கிறது.

அதே கூட்டத்தில் பிள்ளைகளுக்கான ஆண்டுக் கட்டணமும் உயர்த்தப்பட்டிருக்கிறது. பதுளை மாவட்டத்தில் உள்ள முகாம் நிலத்தைத் தனியார் விடுதிக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடும் யோசனையும் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அந்த நிலத்தில் உள்ள மண்டபம் பெற்றோரும் தொண்டர்களும் சிரமதானத்தில் கட்டியது. விளக்கம் கேட்டு எழுதிய ஆசிரியைக்கு, சமூக ஊடகங்களில் அமைப்பைப் பற்றி எழுதினால் நியமனப் பத்திரம் இரத்துச் செய்யப்படும் என்று பதில் வந்திருக்கிறது. எனவே கிளைத் தலைவர்கள் நான்கு வழிகளை யோசிக்கிறார்கள்: கட்டணத்தைத் தலைமையகத்துக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்வது, அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்வது, அனைவரும் ஒன்றாக விலகி அதே பெயரில் மலையகத்துக்கென ஓர் அமைப்பைத் தொடங்குவது, நடந்ததை முகநூலில் எழுதுவது. "உழைப்பு எங்களுடையது, தீர்மானம் மட்டும் கொழும்பினுடையதா? சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறதா?" என்பதே அவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த சட்டங்களும் மலையகத் தமிழரான நம் பாட்டன்மாரிடமிருந்து வாக்கைப் பறித்தன. வாக்கில்லாதவரைப் பற்றி மற்றவர்கள் எப்படித் தீர்மானிப்பார்கள் என்பதை யாரும் நமக்கு விளக்கத் தேவையில்லை. ஆயினும் நீங்கள் யோசிக்கும் நான்கு வழிகளில் ஒன்று உங்களையே குற்றவாளியாக்கக் கூடியது. இன்னொன்றுக்கான காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. உங்கள் கையில் உண்மையில் இருக்கும் ஆயுதத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அமைப்பின் சட்டத்தையும் யாப்பையும் நீங்கள் யாரும் முழுமையாக வாசிக்கவில்லை என்றே நினைக்கிறேன். எனவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் அமைப்பு சட்டத்தின் கண்ணில் எது?

இளைஞர் அமைப்பு என்று நாம் பொதுவாகச் சொல்பவை சட்டத்தில் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரச நிறுவனம். சில அமைப்புகள் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், உத்தரவாதத்தினால் வரையறுக்கப்பட்ட கம்பனிகளாக இயங்குகின்றன. இன்னும் சில, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்புகளாகப் பதிவு பெற்றவை. உங்களுடையது பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது, அதாவது தனிச் சட்ட ஆளாக ஆக்கப்பட்டது, என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியென்றால், அந்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியைப் பெறுவதே உங்கள் முதல் வேலை.

இத்தகைய சட்டங்கள் பெரும்பாலும் சில பக்கங்களே கொண்டவை. அவற்றில் இரண்டு இடங்களைக் கவனமாகப் பாருங்கள். கூட்டிணைந்த அமைப்பு என்பது யார் யாரைக் கொண்டது என்று சொல்லும் பிரிவு ஒன்று. விதிகளை ஆக்கவும் திருத்தவும் நீக்கவும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, எந்தக் கூட்டத்தில், எத்தனை பங்கு வாக்கால் அதைச் செய்யலாம் என்று சொல்லும் பிரிவு மற்றது. இந்த அதிகாரத்தைப் பொதுக்கூட்டத்துக்கே கொடுத்து, சமூகமளித்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதம் வேண்டும் என்று விதிக்கும் கூட்டிணைத்தல் சட்டங்கள் பல உண்டு. உங்கள் சட்டத்திலும் அப்படி இருந்து, தேசிய சபை என்ற சிறு குழு தனியே கூடி யாப்பை மாற்றியிருந்தால், அந்த மாற்றம் அதிகாரம் இல்லாமல் செய்யப்பட்டது என்று வாதிடலாம். மாறாக, விதி திருத்தும் அதிகாரம் சபைக்கே கொடுக்கப்பட்டிருந்தால், உங்களுக்கு எவ்வளவு வேதனை தந்தாலும் அந்தத் தீர்மானம் பெரும்பாலும் நிற்கும். இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியும்வரை மற்ற எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

தொண்டர் வேறு, வாக்குரிமையுள்ள உறுப்பினர் வேறு

கடிதத்தில் பல இடங்களில், "16 வருடம் உழைத்த எங்களுக்கு வாக்கில்லையா?" என்று கேட்கிறீர்கள். சேவைக் காலம் மட்டும் யாருக்கும் வாக்குரிமை தருவதில்லை என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கமொன்றின் யாப்பை அதன் உறுப்பினர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையாகவே சட்டம் பார்க்கிறது. அந்த உடன்படிக்கையில் உறுப்பினர் என்று குறிப்பிடப்பட்டவருக்கே வாக்கு உண்டு. தேசிய அமைப்புகள் பலவற்றில் கிளைத் தலைவர் நியமனப் பத்திரம் பெற்ற தொண்டராக மட்டுமே இருக்கிறார். வாக்களிக்கும் உறுப்பினர்களோ தலைமையகச் சபையில் அமர்ந்திருக்கும் சிலர்தான். சட்டத்துக்கு முரணானது என்று சொல்ல முடியாத இந்த ஏற்பாடு, வேலை செய்பவரையும் தீர்மானிப்பவரையும் இரு கரைகளில் நிறுத்திவிடுகிறது. என் கருத்தில் நீங்கள் எதிர்த்துப் போராட வேண்டியது இதைத்தான். மாவட்டத் தலைவரின் நியமனம் இதன் விளைவுகளில் ஒன்று.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு குழப்பம் வருவது இயல்பு. பேர்ச்சம்பளத்தில் (தோட்ட நாட்கூலியில்) சந்தா வெட்டினால் தொழிற்சங்க உறுப்பினர், உறுப்பினர் என்றால் சங்கம் பேசும், பேசித் தீராவிட்டால் தொழில் நியாய சபை என்ற ஒழுங்கு நம் மனதில் ஊறியிருக்கிறது. உங்கள் தோழியரில் ஒருவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சபை தொழில் தருநருக்கும் தொழிலாளிக்கும் இடையிலான பிணக்குகளுக்கு உரியது. சம்பளம் பெறாத தொண்டர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்பதால் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது.

இனி, நீங்கள் உறுப்பினரா என்பதை எப்படி அறிவது? யாப்பில் உறுப்புரிமை பற்றிய பகுதியை வாசியுங்கள். உங்கள் நியமனப் பத்திரத்தின் பின்பக்க நிபந்தனைகளை வாசியுங்கள். ஆண்டுதோறும் உங்கள் பெயரில் ஏதாவது சந்தா செலுத்தப்படுகிறதா, அதற்கான பற்றுச்சீட்டில் உறுப்பினர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய யாப்பின்படி மாவட்டத் தலைவர் தெரிவில் நீங்கள் வாக்களித்திருக்கிறீர்கள். அப்படியானால் குறைந்தபட்சம் மாவட்ட மட்டத்தில் உங்களுக்கு ஓர் உரித்து இருந்திருக்கிறது. அது எந்த விதியால் கிடைத்தது, புதிய யாப்பு அதை எந்த நடைமுறையால் நீக்கியது என்று எழுத்தில் கேளுங்கள். பார்வையாளர்களாக நடத்தப்பட்ட இருவரின் பெயர்கள் கூட்டறிக்கையில் எப்படிப் பதிவாகியுள்ளன என்பதும் முக்கியமானது. கூட்டறிக்கையின் பிரதியையும் சேர்த்துக் கேளுங்கள்.

அறிவித்தலும் மொழியும்

தமிழ் அரசகரும மொழி என்பதால் தமிழில் அனுப்பப்படாத அறிவித்தல் செல்லாது என்பது உங்கள் வாதம். அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை தமிழையும் அரசகரும மொழியாக ஏற்கிறது. 22ஆம் உறுப்புரை அரச நிர்வாகத்தின் மொழி பற்றிப் பேசுகிறது. ஆனால் இவை அரசையும் அரச நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகள். தனியார் சங்கத்தின் கூட்ட அறிவித்தலை இவற்றைக் காட்டி நேரடியாகச் செல்லுபடியற்றதாக்க முடியாது. அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தாலும் உங்கள் அமைப்பு அரச நிறுவனம் அல்ல என்ற பதிலே பெரும்பாலும் வரும்.

அதற்காக மொழிக் கேள்வியை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூட்ட அறிவித்தல் எத்தனை நாட்களுக்கு முன் தரப்பட வேண்டும் என்று யாப்பு சொல்லும். சொல்லாவிட்டால் நியாயமான கால அவகாசம் வேண்டும் என்பது பொதுக் கொள்கை. யாப்பைத் திருத்துவது போன்ற பெரிய விடயத்துக்கு, உத்தேச வாசகம் இணைக்கப்படாமல், ஆறே நாட்கள் இருக்கையில், பெறுபவர்களில் ஒரு பகுதியினர் வாசிக்க முடியாத மொழிகளில் வந்த மின்னஞ்சல் நியாயமான அறிவித்தல்தானா என்று கேட்கும்போது, மொழி அந்த வாதத்தின் ஒரு பகுதியாக நின்று அதற்கு வலுச் சேர்க்கிறது. உங்கள் பகுதியின் கிளைத் தலைவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வார நாளில் கொழும்பில் கூட்டம் வைத்தால் அவர்கள் ஒரு நாள் விடுமுறையையோ ஒரு நாள் பேரையோ (நாட்கூலியையோ) இழந்து, இரவில் தனியாகப் பயணம் செய்ய வேண்டும். சட்டப் புத்தகத்தில் இதற்கு நேரடி விடை இல்லை. ஆனால் இதைக் கூட்டறிக்கையில் பதிய வைப்பது பின்னர் பயன்படும்.

முகாம் நிலம்

உங்கள் கடிதத்தில் அவசரமான விடயம் இதுதான். குத்தகை ஒப்பந்தம் இன்னும் கைச்சாத்திடப்படவில்லை என்று நீங்கள் கேள்விப்பட்டது உண்மையானால் நேரம் கொஞ்சம் இருக்கிறது.

சிரமதானத்தில் கல் சுமந்ததால் நிலத்திலோ மண்டபத்திலோ உங்களுக்குப் பங்கு உண்டு என்று நினைக்க வேண்டாம். நன்கொடையாகக் கொடுத்த உழைப்பு உரிமையாக மாறாது. கேள்வி நிலம் யாருடையது, எந்த நிபந்தனையில் வந்தது என்பதுதான். பதுளைக் காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பிரதியை எடுத்துப் பாருங்கள். அரச காணி, அனுமதியின் பேரிலோ குத்தகையின் பேரிலோ அமைப்புக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டமும் அந்த ஆவணத்தின் நிபந்தனைகளும் குறுக்கே நிற்கும். அனுமதியில்லாமல் அதை விடுதிக்குக் கைமாற்ற முடியாது. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு வந்த தோட்டக் காணியின் ஒரு துண்டு என்றால் நில உரிமை கம்பனியிடம்கூட இல்லை, அரசிடமே இருக்கிறது. யாராவது ஒரு தனவந்தர் இளைஞர் பயிற்சிக்காக என்று நோக்கம் குறிப்பிட்டு நன்கொடை உறுதி (காணிப் பத்திரம்) எழுதிக் கொடுத்திருந்தால், அது 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்துக்குள் வரக்கூடும். அப்படியானால் அந்த நோக்கத்தில் அக்கறையுள்ளவர்கள் நீதிமன்றத்தை நாட வழி பிறக்கும். உறுதியைப் பார்க்காமல் இதில் எதையும் ஊகிக்கக் கூடாது.

இங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கு உதவும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமாகிய இது, அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ சர்வதேச அமைப்பிடமிருந்தோ கணிசமான நிதி பெற்றுப் பொதுச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்களையும், அந்தச் சேவை தொடர்பான தகவல்களைப் பொறுத்தமட்டில், பகிரங்க அதிகாரசபை என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. உங்கள் அமைப்பு அந்த வரையறைக்குள் வராது என்று அவர்கள் வாதிட்டாலும், அவர்களுடன் கடிதத் தொடர்பு வைத்திருக்கும் பிரதேச செயலகம், காணி அதிகாரிகள், அமைச்சு ஆகியவை நிச்சயமாக வரும். அந்தக் காணி பற்றித் தம்மிடம் உள்ள ஆவணங்களையும், குத்தகைக்கு அனுமதி கோரிக் கடிதம் வந்திருக்கிறதா என்பதையும் பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் தமிழில் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடமும், அதன் பின் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கட்டணப் பணத்தைத் தொட வேண்டாம்

இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிள்ளைகளின் பெற்றோரிடம் அமைப்பின் பெயரால் வாங்கிய கட்டணத்தைத் தலைமையகத்துக்கு அனுப்பாமல் வைத்திருப்பது, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்தாலும், நம்பிக்கை மோசடி என்ற குற்றச்சாட்டுக்கு இடம் கொடுக்கும். தண்டனைச் சட்டக் கோவையின் 388ஆம், 389ஆம் பிரிவுகள் அதைப் பற்றியவை. நேர்மையீனமான எண்ணம் இல்லை என்று இறுதியில் நீங்கள் நிரூபித்தாலும், அரச ஆசிரியையான உங்கள் மீது ஒரு பொலிஸ் முறைப்பாடு பதிவாவதே போதுமான சேதம். அதோடு உங்கள் முழு நியாயமும் பணம் பற்றிய சண்டையாகச் சுருங்கிவிடும்.

கட்டணத்தைச் செலுத்துங்கள், ஆட்சேபத்துடன் செலுத்துகிறோம் என்று ஒரு கடிதத்தையும் இணைத்து அனுப்புங்கள். மாவட்டக் கணக்கில் உள்ள பணத்துக்கும் இதே விதிதான். இன்றைய திகதிவரை கணக்கு வழக்கை எழுதி, வங்கிக் கூற்றையும் இணைத்து, எல்லாக் கிளைத் தலைவர்களும் கையொப்பமிட்ட ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கட்டண உயர்வு தோட்டப் பிள்ளைகளைத் தடுக்கிறது என்றால், உங்கள் கிளைகளில் எத்தனை பிள்ளைகள் இந்த ஆண்டு பதிவைப் புதுப்பிக்கவில்லை என்று பெயரில்லாத பட்டியல் ஒன்று தயாரித்துச் சலுகைக் கட்டணம் கேளுங்கள்.

நீதிமன்றமும் முகநூலும்

அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழான அடிப்படை உரிமை மனு, நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராகவே கிடைக்கும்; உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படவும் வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் எடுக்கப்படாது. நீங்கள் முறையிடவில்லை, கூட்டமோ கடந்த ஆண்டு நடந்தது. பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஓர் அமைப்பு அரசின் கரமாகிவிடாது என்பது அடுத்த தடை. அதன் மீது அரசின் கட்டுப்பாடு எவ்வளவு, நிதி எங்கிருந்து வருகிறது, பணி என்ன என்பவற்றை நீதிமன்றம் பார்க்கும். இந்த வழியில் பணத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

யாப்புத் திருத்தம் அதிகாரமின்றிச் செய்யப்பட்டது என்பதற்கு ஆவணம் கிடைத்தால், உரிய இடம் மாவட்ட நீதிமன்றம். திருத்தம் செல்லாது என்ற பிரகடனத்தையும், வழக்கு முடியும்வரை அதை நடைமுறைப்படுத்தக் கூடாது என்ற தடை உத்தரவையும் அங்கே கேட்கலாம். அதற்கும் நீங்கள் உறுப்பினர் என்பதையோ, உங்கள் சட்டபூர்வ உரித்து ஒன்று பாதிக்கப்பட்டது என்பதையோ காட்ட வேண்டும். தாமதம் தடை உத்தரவைப் பலவீனப்படுத்தும். சிவில் வழக்குகள் நம் நாட்டில் ஆண்டுக்கணக்கில் நீளும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. வழக்குச் செலவு தாங்க முடியாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது; வருமான எல்லைக்கு உட்பட்டவர்கள் அங்கே ஆலோசனை பெறலாம்.

பதிவாளரிடம் முறைப்பாடு செய்வது பற்றியும் கேட்டிருந்தீர்கள். தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் பற்றிய 1980ஆம் ஆண்டுச் சட்டம் 1998ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டபோது, மோசடிக்கோ நிதிக் கையாடலுக்கோ சான்று இருக்கும் அமைப்புக்கு இடைக்கால முகாமைச் சபையை நியமிக்க வழி செய்யப்பட்டது. குரல் மறுக்கப்பட்டது என்ற முறைப்பாட்டுக்கு அது பொருந்தாது. மோசடி நடந்ததாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. இல்லாததை முறைப்பாட்டில் சேர்க்காதீர்கள்.

முகநூலைப் பொறுத்தவரை, கருத்துச் சுதந்திரம் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது; குற்றவியல் அவதூறும் 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. என்றாலும் அவதூறுக்கான சிவில் வழக்கு இருக்கிறது. பொய்க் கூற்றுகளைப் பற்றிய 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. ஆவணத்தால் நிரூபிக்கக்கூடியதை மட்டும், தனி நபர்களின் நோக்கத்தை ஊகிக்காமல் எழுதலாம். முகாமில் எடுத்த பிள்ளைகளின் படங்களை இந்தச் சச்சரவுக்குள் கொண்டுவர வேண்டாம். எழுதினால் நியமனம் இரத்து என்ற கடிதத்துக்கும் பதில் அனுப்புங்கள்: எந்த விதியின் கீழ் இந்த எச்சரிக்கை, நடவடிக்கை எடுப்பதற்கு முன் என் விளக்கம் கேட்கப்படுமா, மேன்முறையீடு யாரிடம்? பிள்ளைகளின் விபரங்களை வெளியிடக் கூடாது என்று உங்களைக் கட்டுப்படுத்த அமைப்புக்கு உரிமை உண்டு. நிர்வாகத்தை விமர்சிக்கவே கூடாது என்று கட்டுப்படுத்த யாப்பில் இடம் இருக்கிறதா என்பதை அவர்கள்தான் காட்ட வேண்டும்.

விலகிப் போவது

ஒருங்கே விலகிப் புதிய அமைப்பு தொடங்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒன்றுசேரும் சுதந்திரம் அதற்குத்தான். ஆனால் அதே பெயர், அதே சின்னம், அதே சீருடையோடு தொடங்க முடியாது. கூட்டிணைத்தல் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் குறுக்கே வரும். பிரித்தானியாவில் 1960களின் இறுதியில் சாரணர் தலைமையகம் பயிற்சி முறையையும் சீருடையையும் மாற்றியபோது, அதை ஏற்காதவர்கள் பிரிந்து 1970இல் பேடன் பவல் சாரணர் சங்கத்தை அமைத்தார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. ஆயினும் உலக சாரண இயக்க அமைப்பு ஒரு நாட்டில் ஒரு தேசிய அமைப்பையே அங்கீகரிப்பதால் அந்த அங்கீகாரம் அதற்குக் கிடைக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் உழைத்துப் பெற்ற சான்றிதழ்கள் புதிய அமைப்பில் என்னவாகும் என்ற கேள்விக்கு விடை இல்லாமல் விலக வேண்டாம். இதைப் பிள்ளைகளிடமும் கேளுங்கள். 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைகளுக்குத் தருகிறது. தலைமையகம் உங்களைக் கேட்கவில்லை என்று வருந்தும் நீங்கள், விலகும் யோசனையை மூத்த பிள்ளைகளிடம் பேசியதாகக் கடிதத்தில் எழுதவில்லை.

மனு எழுதுவது மட்டும் போதாது என்பதற்கும் பிரித்தானியாவிலிருந்தே ஓர் அண்மைக்கால உதாரணம் உண்டு. 2023இல் பிரித்தானியப் பெண் வழிகாட்டிகள் அமைப்பின் பொறுப்பாளர் சபை ஐந்து பயிற்சி நிலையங்களை மூடி விற்கப் போவதாக அறிவித்தது. தொண்டர்கள் கடுமையாக எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டினார்கள். சபை தன் முடிவில் நின்றது. எதிர்ப்புக்கு ஆள்பலம் இருந்தது, ஆனால் தீர்மானிக்கும் அதிகாரம் சபையின் கையில் இருந்தது. உங்கள் மண்டபத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

கேட்க வேண்டியது

தலைமையகத்தின் பக்கத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். முகாமில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் நீதிமன்றத்தில் நிற்பவர்கள் தேசிய அதிகாரிகள். கணக்காய்வுக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் அவர்களே பொறுப்பு. மாவட்டத் தலைவராக வருபவரின் பின்னணியைச் சரிபார்க்க விரும்பினால் அது குறையல்ல. அந்தச் சரிபார்ப்பில் தேறியவர்களிடையே தேர்தல் நடத்தலாம் என்று நீங்கள் முன்மொழிந்தால், நியமனத்துக்கு அவர்கள் சொல்லும் காரணத்துக்கும் மதிப்பளித்து உங்கள் வாக்கையும் மீட்கலாம்.

அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு முறையான பிரேரணை ஒன்றைக் கொடுங்கள். நீங்களே வாக்களிக்கும் உறுப்பினர் இல்லையென்றால், பிரேரிக்கவும் வழிமொழியவும் உரித்துள்ள இருவரைத் தேடுங்கள். மாத்தளை, கண்டி, பதுளை, இரத்தினபுரி மாவட்டத் தொண்டர்களுக்கும் இதே குறை இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை, சிங்களக் கிளைகளிலும் இருக்கும். இதை மலையகத் தமிழரின் கோரிக்கையாக மட்டும் வைக்காமல் கொழும்புக்கு வெளியே உள்ள எல்லாத் தொண்டர்களின் கோரிக்கையாக வைப்பது நியாயமானதும் பயனுள்ளதும் ஆகும். வாசகம் இப்படி இருக்கலாம்:

"ஓராண்டுக்குக் குறையாமல் பணியாற்றிய கிளைத் தலைவர் ஒவ்வொருவரும் வாக்குரிமையுள்ள உறுப்பினர் ஆவார். ஒவ்வொரு மாவட்டத்தின் கிளைத் தலைவர்களும் தமக்குள் தெரிவு செய்யும் பிரதிநிதி ஒருவர் தேசிய சபையில் வாக்குடன் அமர்வார். யாப்புத் திருத்தம், கட்டண உயர்வு, அசையாச் சொத்தைக் கைமாற்றல் அல்லது குத்தகைக்கு விடல் ஆகியவை பற்றிய கூட்டத்துக்கு, உத்தேச வாசகத்துடன் கூடிய அறிவித்தல் மூன்று மொழிகளிலும் 21 நாட்களுக்கு முன் அனுப்பப்பட வேண்டும். உறுப்பினர்கள் பதிலாள் மூலமோ இணையவழியாகவோ வாக்களிக்கலாம்."

இவை அனைத்தும் ஒரே கூட்டத்தில் நிறைவேறும் என்று எதிர்பார்க்காதீர்கள். பேரம் பேச வேண்டி வந்தால், மாவட்டப் பிரதிநிதியின் ஆசனத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். மற்றவற்றை அந்த ஆசனத்திலிருந்து பின்னர் கேட்கலாம். இணையவழி வாக்கெடுப்பை அவர்கள் தள்ளிப்போட்டால், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஆண்டுக்கு ஒரு சபைக் கூட்டமாவது நடக்க வேண்டும் என்று கேளுங்கள். இலங்கையில் சாரணர் இயக்கமே 1912இல் மாத்தளையில்தான் தொடங்கியது. மலைநாட்டில் கூட்டம் நடத்த முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

இப்போதைக்கு இரண்டு கடிதங்கள் எழுதுங்கள். தலைமையகச் செயலாளருக்கு எழுதும் கடிதத்தில் சட்டத்தின் பிரதி, பழைய மற்றும் புதிய யாப்பு, கூட்டறிக்கை, முகாம் நிலம் பற்றிய தீர்மானம் ஆகியவற்றைக் கேட்டு, பதில் வரும்வரை குத்தகையில் கைச்சாத்திட வேண்டாம் என்று கோருங்கள். பிரதேச செயலகத்துக்கு எழுதுவது தகவல் விண்ணப்பம். இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். விலகல் கடிதத்தில் கையொப்பமிட்டு வைத்திருப்பவர்கள் இருந்தால், அந்தப் பதில்களைப் பார்க்கும்வரை அதை அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். விலகியவருக்குப் பிரேரணை கொடுக்கும் உரித்தும் இருக்காது. நிலத்தின் உறுதி கைக்குக் கிடைத்ததும் அதன் பிரதியுடன் அருகிலுள்ள சட்ட உதவி நிலையத்துக்குப் போங்கள். குத்தகை கைச்சாத்தாகப் போகிறது என்று தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் போங்கள்.